கடல் மூடிய செவ்வாய்க்கிழமை

இன்று யாரும் பாறைக்கு இறங்கக் கூடாது.
மீனவர் சங்க வாசலில் சிவப்புக் கொடி.
ஆறு மீட்டர் அலை என்கிறது வானொலி.
பெர்செபெ சுரண்டும் கத்தியைத்
துடைத்து மாட்டிவிட்டு
நீல பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.
பிஸ்கட் தீர்ந்து இருபத்தாறு வருடம்.
இப்போது அதற்குள்
என் சாவு, என் கால், என் வீட்டுக் கூரை,
மும்மூன்றாக மடித்தபடி.

முதல் பாலிசி
எனக்கு இரண்டு வயதில் அம்மா எடுத்தது.
ஓக் மரப் பெட்டி, இரண்டு மலர்வளையம்,
ஆறு பேர் ஏற ஒரு கார்.
மளிகைச் சீட்டின் பின்புறம் கூட்டிப் பார்த்தேன்.
இதுவரை கட்டிய பணத்தில்
நான்கு முறை செத்திருக்கலாம்.
நிறுத்தினால் ஒரு காசு திரும்பாதாம்,
கடைசிப் பக்கத்தில்
எறும்பு ஊர்கிற அளவில் எழுதியிருக்கிறது.
அதைத் தனியே வைத்தேன்.
அதைப்பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

இரண்டாவது, ஆயுள்.
பணம் பெறுபவர்: எலிசேயோ.
அவன் கெட்டவனில்லை.
ஒன்பது வருடமாக விகோவில்
வேறொருத்தியோடு இருக்கிறான்.
அதற்காக
என் சாவில் அவர்கள் சோபா வாங்கலாமா?
மகளின் பெயர் எங்கும் இல்லை.
சபேலா பிறக்கும் முன்பே
நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூன்றாவதைப் பின்னாலிருந்து படித்தேன்.
முன்பக்கத்தில் எப்போதும்
பல் வெள்ளையான ஒரு குடும்பம் சிரிக்கும்.
'தவிர' என்ற சொல்
பின்பக்கத்தில்தான் குடியிருக்கும்.
மதுவருந்திய நிலையில் தவிர.
மலையேற்றம் தவிர.
ஆபத்தான தொழில், முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தவிர
எதுவும் இல்லை.

தொழில் என்ற கட்டத்தைத் தேடினேன்.
இல்லத்தரசி.
கார் பானெட்டில் வைத்து நிரப்பியவன் பியேய்தோ.
'இப்படிப் போட்டால் தவணை குறையும்.'
நானும் தலையாட்டினேன், பொய்யில் பாதி என்னுடையது.
இருபத்திமூன்று வருடமாக
இந்தக் காகிதத்துக்குள் நான்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன்.
இடுப்பில் கயிறு கட்டி
இரண்டு அலைக்கு நடுவே இறங்குகிறவள்
வேறு யாரோ.

பியேய்தோவைக் கூப்பிட்டேன்.
உண்மையைச் சொன்னால்
வருடத்துக்கு நூற்றுப் பதினெட்டு யூரோ கூடுமாம்.
கிறிஸ்துமஸ் விலையில்
ஒன்றரைக் கிலோ பெர்செபெ.
கூட்டிக்கொள் என்றேன்.
எலிசேயோவை எடு, சபேலாவைப் போடு.
முழங்காலில் முதல் முந்நூறு என் கையிலிருந்து என்றால்
அதை ஐந்நூறாக்கு, தவணையைக் குறை.
முந்நூறை என்னால் தாங்க முடியும்,
ஐந்நூறையும்.
தாங்க முடியாததற்குத்தானே நீ.

பிறகு கேட்டேன்:
உடல் கிடைக்காவிட்டால்?

அந்தப் பக்கம் விசைப்பலகை கொஞ்ச நேரம் தட்டியது.
'அதற்கொரு காத்திருப்புக் காலம் உண்டு, தொரிந்தா.'
எவ்வளவு?
'சூழ்நிலையைப் பொறுத்து...'
எழுதிக் கொடு, பியேய்தோ.
போனில் சொல்வது நுரை,
அடுத்த அலைக்கு நிற்காது.

சாயங்காலம் மகளுக்குச் செய்தி அனுப்பினேன்,
பாலிசி எண்கள் மூன்றும்,
டப்பா இருக்கும் இடமும்.
பதில்: 'ஏம்மா இப்படியெல்லாம் பேசுகிறாய்?'
ஜன்னலில் உப்பு.
கலங்கரை விளக்கம் ஒரு சுற்றுச் சுற்றியது,
இன்னொரு சுற்று.
பிறகு இன்னொரு செய்தி:
'எந்த டப்பா?'

நீலம். மாவுக்கு இடப்பக்கம்.
மூடி இறுக்கம், கரண்டியால் நெம்பு.