ஈறு நிற மேலங்கி

டம்ளரில் கொதிநீர்.
தலைகீழாய் முக்கி முப்பது எண்ணினால்
எந்த மாவீரனுக்கும் தோள் இளகிவிடும்.
ஒரு திருகு, ஒரு இழுப்பு,
டொப்பென்று கழன்று வருகிறது கை.

ஏழு மணிக்கு மேல் இந்த லேபில்
நானும் மைக்ரோமோட்டரும்தான்.
பகலெல்லாம் பாளையங்கோட்டையின் வாய்கள்:
மாவில் வார்த்த தாடைகள்,
அடியில் பென்சிலால் பெயரும் தேதியும்.
யாருக்கு எந்தப் பல் போனதென்று
என்னைப்போல் அறிந்தவள் ஊரில் இல்லை.
தெற்கு பஜாரில் யாராவது சிரித்தால்
நான் முகத்தைப் பார்ப்பதில்லை.

இரவில் இவர்கள்.
இரண்டரை அங்குலம்.
தலை பெரிசு, கால் குட்டை, முட்டி மடங்காது,
கழுத்தென்று ஒன்று கிடையவே கிடையாது.
உலகத்தைக் காப்பாற்ற இவ்வளவு உடம்பு போதுமென்று
எங்கோ ஒருவன் வரைந்து முடிவுசெய்திருக்கிறான்.
எனக்கும் அது சரியென்றே படுகிறது.

சரக்கு மேலப்பாளையம் காஜா மைதீனிடம்.
செல்போன் டிஸ்பிளே மாற்றுகிற கடை,
மேசைக்கடியில் ஒரு சாக்கு.
தூத்துக்குடி ஏலத்தில் எடுத்தது,
கிலோ முந்நூற்றைம்பது.
நல்ல தலைகளை முன்னாலேயே பொறுக்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.
"அது எங்க மச்சான் கேட்டதுல்லா."
மச்சானே கிடையாது அவனுக்கு.
போன மாசம் ஒரு முக்குளிப்பவனின் தலைக்கவசத்துக்கு
ரெண்டு இடது கையும் ஒரு கோடாலியும் கொடுத்தேன்.
கோடாலி அதிகம்தான்.
அன்று தூக்கம் வரவில்லை.

சாக்கில் நாற்பது பேர் இருந்தால் பெண் மூன்று.
மூவருக்கும் ஒரே இடுப்பு.
ஒருத்திக்குக் கூந்தலை மெழுகுக்கத்தியால் நறுக்கி,
இடுப்பில் புட்டி வைத்து நிரப்பி,
பை வைத்த கால்சட்டை தீட்டி,
குகைக்குள் இறங்க அனுப்பியிருக்கிறேன்.
அவள் நெற்றியில் மின்னும் விளக்கு
யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டு
வாங்க வராமலே போன கடைவாய்ப்பல் உறை.

பறக்கிறவன் ஒருவன் மேலங்கி இல்லாமல் வந்தான்.
முதுகில் ரெண்டு துளை மட்டும்.
சிவப்பு பெயின்ட் டப்பாவோடு காய்ந்திருந்தது.
ஆவுடையப்பன் என்பவரின் உடைந்த பல்செட்டுக்கு
ஒட்டுப்போடக் கலக்கியது கிண்ணத்தில் மிச்சம்,
ஈறு நிறம், எண் மூன்று.
நூல் இழைகிற பருவம் தாண்டினால் கல்லாகிவிடும்.
யோசிக்க நேரமில்லை.
தகடாய்த் தட்டி, தோளில் பதித்து,
காற்றடிப்பதுபோல் நாலு மடிப்பு விழுத்தினேன்.
கீழ் ஓரம் கொஞ்சம் கிழிந்தது.
கிழிசலை அப்படியே விட்டேன். சண்டையில் கிழிந்ததாம்.

மறுநாள்,
டாக்டரிடம் போய்ச் சேரும்வரை பொறுக்காமல்
ஆவுடையப்பனே படியேறி வந்துவிட்டார்.
தென்காசி ரூட்டில் முப்பது வருசம் கண்டக்டர்.
செட்டை மாட்டி, கண்ணாடியில் பார்த்து,
அலமாரியைப் பார்த்து,
மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"எம்மா, இவன் யாரு?"
"பேரு இன்னும் வைக்கலை."
"என் ஈறைல்லா போத்திக்கிட்டு நிக்கான்."

தொண்டை அடைத்துப்போய் நின்றேன்.
பவுடருக்குக் காசு குறைத்துக்கொள்கிறேன் என்று
சொல்லலாமா வேண்டாமா.
அவர் குனிந்து மேலங்கியை நகத்தால் தட்டினார்,
பஸ் தகரத்தில் விசிலுக்குப் பதில் தட்டுவதுபோல்.

"பறப்பானோ?"
"பறப்பான்."
"டிக்கெட் எடுத்தானான்னு கேளு."

சொல்லிவிட்டுச் சிரித்தார்,
வாய் முழுக்க, கடைசிப் பல் வரைக்கும்.
ஒட்டு தெரியவில்லை.
நான் அதைத்தான் பார்த்தேன்.

அன்றிரவு பழைய கையுறை ரப்பரில்
நெல் அளவுக்கு ஒரு தோல்பை,
செம்புக் கம்பியில் வார்.
பறக்கிறவனின் இடது தோளில் மாட்டினேன்.

காஜா ஆயிரம் தருவதாகச் சொல்கிறான்.
பையைக் கழற்றிவிட்டால் ஆயிரத்து இருநூறாம்.

மூன்று நாளாய் அவன்
இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறான்.
நிமிர்த்தி நிமிர்த்தி வைக்கிறேன்.
சில்லறை நிறைய இருக்கும்போல.