ஏறிய வாடகை

மில்வாக்கியில், எங்கள் கட்டடத்தில்,
சம்பளம் ஏறினால் வாடகையும் ஏறும்.
பத்து டாலர் கூடுதலாகக் கொண்டுவந்தால்
அதில் மூன்று
நாங்கள் படியேறுமுன் இறங்கிப் போய்விடும்.
ஆகவே நாங்கள் கெட்டிக்காரர்கள்.
"சனிக்கிழமையும் வருகிறாயா ஹாலிஸ்?" என்று
டயர் கிடங்கில் மேலாளர் கேட்டால்
நான் முதுகைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு பிப்ரவரியில் கீழே சலவை அறையில் கூட்டம்.
வீட்டுவசதி அலுவலகத்துப் பெண்
உலர்த்தும் எந்திரத்தின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னாள்:
ஏறுகிற வாடகையைக் கட்டுங்கள்,
ஏறிய அந்தப் பங்கை உங்கள் பெயரிலேயே
ஒதுக்கிவைக்கிறோம், ஐந்து வருடம்.
அரசாங்கம் என் பெயரில் இதுவரை வைத்திருப்பது
பாக்கி மட்டும்தான் என்றேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
இரண்டாவது காபியோடு மேலே வந்துவிட்டேன்.
எதிர்வீட்டு லவாண்டா டிஸ்டேலும் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாளாம்.

முதல் அறிக்கை: நாற்பத்தொரு டாலர்.
கதவைத் தட்டிக் காட்டினாள்.
"பனிக்கு ஒரு ஜோடி பூட்ஸ்" என்றேன்.
"இடது கால் மட்டும்" என்றாள்.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
வாரத்தில் இரண்டு நாள் அவள் மகன் ஜெரெல்
என் சமையலறையில் பின்னங்களோடு மல்லுக்கட்டினான்.
விடிகாலையில் அவள் வரும் சத்தம் கேட்கும்:
சாவி, இருமல்,
கழற்றிய காலணியை மெதுவாக வைக்கும் சத்தம்.
மூன்றாம் வருடம் கார் படுத்துவிட்டது.
கேட்டால் கொஞ்சம் எடுக்கவிடுவார்களாம்.
எடுத்தாள்.
ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை,
ஏதோ தன் வீட்டிலேயே தான் திருடியதுபோல.
பிறகு இல்லத்தில் வேலைநேரத்தைக் குறைத்தார்கள்.
ஒன்பது மாதம் அறிக்கையில் அதே எண்.
ஒவ்வொன்றையும் மடித்து
தானியப் பெட்டிக்குப் பின்னால் செருகிவைத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல நிறைய இருந்தது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச்
சேர்த்த காசு என்றால் எனக்குப் புரிந்திருக்கும்.
இது வேறு. இன்னும் கொஞ்சம் சம்பாதிக்கப்
பயப்படாததால் சேர்ந்தது.

போன மாதம் கடைசிக் கடிதம் வந்தது.
நாற்பத்தொன்றைக் காட்டியவள்
இதைக் காட்டவில்லை. எவ்வளவு என்று
நானும் கேட்கவில்லை.
வெஸ்ட் ஆலிஸில் ஒரு வீட்டின் மேல்மாடி,
ஜெரெலுக்குத் தனி அறை, சாய்ந்த கூரை,
நிமிர்ந்தால் அவனுக்குத் தலை இடிக்கும்.
மெத்தையின் ஒரு முனையை நான் பிடித்தேன்.
திருப்பத்தில் "முதுகு பத்திரம்" என்றாள்,
முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல்.

எதிர்வீட்டில் இப்போது
ஒரு பர்மியக் குடும்பம். பூண்டு வாசனை.
சலவை அறையில் புதிய படிவங்கள் வந்திருக்கின்றன.
ஒன்றை எடுத்துவந்தேன், காபிக் கோப்பையை வைக்க.
வட்டமாகக் கறை, பெயர் எழுதும் கட்டத்தில்.

இன்று மேலாளர் கேட்டார், சனிக்கிழமை பற்றி.
கை தானாக முதுகுக்குப் போயிற்று.
வலி இருக்கிறதா என்று
அங்கே தேடிக்கொண்டிருந்தேன்.