மூன்று கோடுகள்

அதிகாலை இரண்டு மணி.
கயானி நகரில் விழித்திருப்பது
பனி தள்ளும் வண்டியும் என் அடுப்பும்தான்.
மாவுக் கை படாமலிருக்க
தட்டுகளின் மேல் சாய்த்து வைத்த போனில்
உன் இரத்தம் ஓர் எண்ணாக வருகிறது
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.
6.8. பக்கத்தில் படுத்த அம்பு.
நான்குக்குக் கீழே போனால்தான் பள்ளம்.
அதாவது ஹில்கா சுகம்.
அதாவது எழுபது டன் பைன் மரத்தோடு
கூமோ சாலையில் எங்கோ
கண் திறந்து போய்க்கொண்டிருக்கிறாய்.

பதினான்கு மாதமாய் நாம் பேசுவதில்லை.

உன்னைக் காட்டிக்கொடுத்தவள் நான்.
பெட்ரோல் பங்கில் லாரி உறுமிக்கொண்டிருக்க
ஸ்டீயரிங்கில் கன்னம் பதித்து
மைனஸ் இருபத்தாறில் வியர்த்துக் கிடந்தாய்.
ஈறில் தேன் தடவினேன். கண் விழித்து
நீ யார் என்று கேட்டாய், என்னை.
டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதினார்.
ஆறு மாதம் உன் லைசென்ஸ்
யாரோ ஒருவரின் மேஜை இழுப்பறையில் தூங்கியது.
"மரம் ஏற்றாமல் நான் என்ன,
உன் பன்னுக்குச் சீனி தூவவா?" என்றாய்.
அதுதான் கடைசி.

லைசென்ஸோடு சென்சாரும் வந்தது உனக்கு,
மேல்கையில், கோட்டுப் பொத்தான் அளவில்.
யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியலில்
என் பெயரை ஏன் சேர்த்தாய், தெரியாது.
ஏன் இன்னும் நீக்கவில்லை, அதுவும் தெரியாது.
மறந்திருக்கலாம்.
நீ எதையும் மறக்கிறவள் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் பதினொன்றைத் தாண்டுகிறாய்:
வழியில் யாரோ உனக்குக் கேக் வெட்டுகிறார்கள்.
ஜூனில் ஒரு வாரம் முழுக்க மேலேயே இருந்தாய்.
காய்ச்சலா அழுகையா,
எண்ணில் இரண்டும் ஒன்றுதான்.

நேற்றிரவு
5.1. 4.4. அம்பு சாய்ந்தது.
3.7. அம்பு தலைகீழாய் நின்றது.
3.1.
பிறகு எண் இருந்த இடத்தில் மூன்று கோடுகள்.
சிக்னல் இல்லாத காடு
உன்னை எடுத்துக்கொண்டது.

அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள்
மென்குரலில் ஒருத்தி,
நீ கடைக்குப் போயிருப்பதைச் சொல்வது போல.
ஏலக்காய் பன் இரண்டு தட்டு கருகியது.
கருகட்டும்.
என்னைச் சுற்றி மூட்டை மூட்டையாய்ச் சர்க்கரை;
உனக்கு வேண்டியது நாலு கரண்டி.
அவசர எண்ணில் கேட்டார்கள், எந்தச் சாலை?
உன் இரத்தம் தெரியும் எனக்கு.
சாலை தெரியாது.

ஐம்பத்தெட்டு நிமிடம்.

பிறகு 11.8 என்று வந்தாய்.
விட்டுப்போன புள்ளிகள் ஒவ்வொன்றாய்
இடைவெளியில் வந்து உட்கார்ந்தன:
2.8, 2.6, 2.6,
அப்புறம் செங்குத்தாய் ஓர் ஏற்றம்.
அந்த ஏற்றத்தைப் படிக்க எனக்குத் தெரியும்.
பதினைந்து கிராம் போதும் என்பார்கள் ஆஸ்பத்திரியில்.
நீ ஜூஸ் டப்பா முழுதும்
குளுக்கோஸ் மாத்திரைக் குழல் முழுதும்
சீட்டுக்கு அடியில் ஒளித்த சாக்லெட்டும் தின்றிருக்கிறாய்,
கை நடுங்க, உறையைப் பல்லால் கிழித்து.
பயந்தவர்கள் அளந்து தின்பதில்லை.
தேட வேண்டாம் என்று சொல்ல மறுபடி அழைத்தேன்;
அப்போதுதான் அழுதேன், அந்த முன்பின் தெரியாத ஆளிடம்.

ஐந்தரைக்கு ஒரு செய்தி:
"விழித்திருந்தாயா?"
பன் சுட்டேன் என்று எழுதினேன். அழித்தேன்.
கருகிவிட்டது என்று அனுப்பினேன்.
பதில் இல்லை.
7.2. படுத்த அம்பு.

இந்த ஞாயிறோடு சென்சாருக்குப் பத்து நாள் முடிகிறது.
பழையதை உரித்தபின்
புதியது கண் திறக்க ஒரு மணி நேரமாகும்.
அந்த ஒரு மணி நேரம்
ஊரில் மற்ற எல்லோரையும் போல
எனக்கும் உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.
கேட்டால்தான் உண்டு.