மட்டப்பலகை

மணலி ஷெட்டில் எனக்கு வேலை
செவ்வாயை மட்டம் தட்டுவது.

எட்டுக்கு எட்டு மரத்தொட்டி.
உள்ளே கருங்கல் அரைத்த தூள்,
காவி கலந்தது.
குறைந்தால் அத்திப்பட்டுச் சாம்பல் ஒரு மூட்டை.
இதுதான் கிரகம் என்றார் இம்தியாஸ் சார்.
சரி என்றேன்.

ஒன்பதே காலுக்குக் கை இறங்கும்.
ஆறு மூட்டு, ஒரு கரண்டி,
சுண்டுவிரல் தடிமனில் டிரில் பிட்.
தொடும். நிற்கும்.
யோசிக்கிற மாதிரி விளக்கைச் சிமிட்டும்.
நகக்கண் அளவு இறங்கி மறுபடி நிற்கும்.
ஒரு பிடி மண்ணுக்கு நாற்பது நிமிஷம்.
எங்கள் தெருவில் குழாய்க்குப் பள்ளம் வெட்டுகிறவன்
இப்படி வெட்டினால்
மத்தியானமே கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்கள்.

"அங்கே கல் கடித்துக்கொண்டால்
போய் எடுத்துவிட ஆள் இல்லை, கன்னியம்மா.
கை அப்படியே நிற்கும்."
எவ்வளவு நாள் சார்?
அவர் பதில் சொல்லவில்லை.
அன்றைக்கு முழுக்க அந்தக் கையைப் பார்க்க
எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இதற்கு முன்னே எண்ணூர் ஆற்றில்
பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு
கழுத்தளவு தண்ணீரில் இறால் தடவினேன்.
கண் வேண்டாம்.
இது சேறு, இது சிப்பி, இது மீசை
விரல் சொல்லிவிடும்.
பிறகு எதைத் தொட்டாலும் சாம்பல் என்றது.
அதனால்தான் இங்கே வந்தேன்,
சாம்பலுக்கே.

ஆவணியில் மூன்று நாள் கை திணறியது.
குழாய்க்குள் தூள் விழவில்லை.
மோட்டாரைக் கழற்றினார்கள்,
கணினியில் கோடுகோடாய்ப் பார்த்தார்கள்,
பெங்களூருக்கு இரண்டு போன்.
நான் தொட்டியில் ஒரு பிடி அள்ளிப் பிடித்தேன்.
கொழுக்கட்டை மாதிரி நின்றது.
"கடல் காத்து சார். மண்ணு நமுத்துப்போச்சு."

தண்டையார்பேட்டையிலிருந்து
வாடகைக்கு வந்தது ஒரு பிரியாணி தேக்சா.
ராத்திரி பதினொன்று வரை
கிரகத்தை வறுத்தோம்.
இன்ஜினியர் பிள்ளைகள் இரண்டு பேர்
மூக்கில் கைக்குட்டை கட்டிக் கிளறினார்கள்.
வாட்ச்மேன் எட்டிப் பார்த்து
யார் வீட்டுக் கல்யாணம் என்றார்.

மறுநாள் மண் பொலபொலவென்று விழுந்தது.
கைதட்டினார்கள். நானும்.

ஐந்தரைக்கு எல்லாரும் போனபின்
மட்டப்பலகையோடு தொட்டியில் இறங்குவேன்.
குழி, சக்கரத் தடம்,
கடைசியாக என் காலடி.
பின்னாலேயே நடந்து வரவேண்டும்,
வாசலில் கோலம் போட்டுவிட்டு
மிதிக்காமல் வெளியேறுவதுபோல.
யாருமே வராத இடமாகத் தெரிய
தினம் ஒரு ஆள் வரவேண்டியிருக்கிறது.

நகத்தில் மட்டும் சிவப்பு போகாது.
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டாள்,
மருதாணியா என்று.