பூஜ்ய உயரத்தில்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில்:
மணிக்கு இரண்டாயிரம் லிட்டர்.
அதன் அடியில், எறும்பு வாசிக்க அச்சடித்ததுபோல்:
உயரம் பூஜ்யமாக இருந்தால்.

பூஜ்ய உயரத்தில் யாருக்குத்தான் வலுவில்லை
என்று நினைத்துக்கொள்கிறாள் போஹ்தானா,
ப்ர்னோ நகர நாடக அரங்கில்
அரசிகளுக்கும் அடியாட்களுக்கும் இடுப்பளவு எடுப்பவள்.
அளவுநாடா கழுத்தில் கிடப்பதை மறந்து
அப்படியே கடைக்கு வந்துவிட்டாள்.

கையில் சீட்டு.
குளியல்தொட்டி அடியிலிருந்து மீன்தொட்டி விளிம்பு வரை
நூற்று இருபத்து மூன்று சென்டிமீட்டர்.
கதவிடுக்கில் நுழைந்து, செருப்பு அலமாரியைச் சுற்றி
குழாய் ஒன்பது மீட்டர்.
பூனை இல்லை.
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதியிருந்தாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன.
அது மனிதர்களுக்கு.
மோட்டாருக்கு ஒவ்வொரு சாணும் கணக்கு.
பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு
உயரத்தில் தொடங்கிச் சரிந்து,
மேசையிலிருந்து வழுக்கும் பட்டுத்துணி போலத்
தரையைத் தொடுகிறது.
தொடும் இடத்தில் மோட்டார் ஓடும்,
தண்ணீர் வராது.

"சின்னது சத்தமே போடாது," என்றார் கடைக்கார ஓத்மார்,
"ஒரு மீட்டரில் மூச்சு முட்டிவிடும்.
பெரியது குளத்து நீரூற்றுக்கானது.
உங்கள் கோரிடோரஸ்களைக்
கண்ணாடியில் ஸ்டாம்ப் ஒட்டிவிடும்."
நடுவில் இருந்ததை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்,
முலாம்பழம் வாங்குகிறவள் போல.
"எண்பது லிட்டர் ஏற்ற எவ்வளவு நேரம்?"
"ஒன்பது நிமிடம்."

ஏழு வருட ஞாயிறுகள்.
எட்டு வாளி வெளியே, எட்டு வாளி உள்ளே.
கத்திரிக்கோல் தின்று மிச்சம் வைத்த மணிக்கட்டை
வாளிப்பிடி தின்றது.
ஆறாவது வாளியை வைக்கையில்
தரை எப்போதும் கொஞ்சம் அதிரும்.
கீழ்வீட்டில் துடைப்பக் கட்டை
கூரையை மூன்று முறை இடிக்கும்.
இரவுப்பணி முடிந்து அப்போதுதான் படுத்த
நர்ஸ் க்வியேதா.
படிக்கட்டில் பார்த்தால்
இருவரும் பனியைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

இந்த ஞாயிறு
அழுக்குநீர் குழாய் வழியே தானே இறங்கிப் போயிற்று.
இறங்குவதற்கு யாரும் மோட்டார் வாங்குவதில்லை.
பிறகு, இரவே பிடித்துவைத்துக்
கெட்டில் வெந்நீர் கலந்த குளியல்தொட்டியில்
கைப்பிடியளவு கறுப்புப் பெட்டி முனகத் தொடங்கியது.
போஹ்தானா நின்றாள்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
அழைப்புமணி.

இரவுச்சட்டைக்கு மேல் கோட்டோடு க்வியேதா:
"சத்தமே இல்லை. உடம்புக்கு முடியவில்லையா?"

விளக்கத் தொடங்கியவள், தொட்டி நிறைந்ததென்று
சுவிட்சை அணைத்தாள். அவ்வளவுதான்:
ஏறிய தண்ணீர் வந்த வழியே திரும்ப ஆரம்பித்தது.
குழாய் முனை இன்னும் நீருக்குள்.
ஒரு கோரிடோரஸ் மீசையை ஆட்டிக்கொண்டு
முனையை விசாரிக்கப் போயிற்று.
"ஐயோ" என்பதற்குள்
க்வியேதா இரண்டு விரலால் குழாயை மடித்துக் கிள்ளியிருந்தாள்,
சலைன் குழாயைக் கிள்ளும் அதே பழக்கத்தில்.
"முனையை வெளியே தூக்குங்கள்.
அல்லது நீர்மட்டத்துக்கு மேலே ஊசியால் ஒரு துளை.
காற்று புகுந்தால் விட்டுவிடும்."

ஊசிக்கா பஞ்சம் இந்த வீட்டில்.

காபி கொதிப்பதற்குள்
அவள் தொட்டி எதிரே நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்,
வாய் திறந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு.
கால் வாளி நீரைத் தொட்டி இழந்திருந்தது.
போஹ்தானா மீண்டும் மோட்டாரைப் போடவில்லை,
எழுப்பிவிடும் என்று.

அடுத்த ஞாயிறு காலை
கீழிருந்து கட்டை, ஒரே ஒரு இடி.
இவள் குதிகாலால் ஒன்று.

நேரம் பார்த்தாள்: பதினொன்று, ஒன்பது இல்லை.
செருப்பு அலமாரி பக்கம்
குழாயில் ஒரு மடிப்பு.