கையெழுத்து

கெயோன் துறைமுகம், சிலியின் தென்கோடி. இரவு முறை.
தோல் உரிக்கும் எந்திரத்தின் காப்பு மூடி
பதினோரு நாளாக மேசைக்கு அடியில் கிடந்தது.
மூடினால் மீன் சிக்குமாம்,
நிமிடத்துக்கு நாலு குறையுமாம்.

எதெல்மிரா குயென்தேயோ
சிக்கிய தோலைத் தட்டிவிடத்தான் கையை நீட்டினாள்.

உறையோடு போனது.

எந்திரம் நின்ற ஆறு நிமிடத்தில்தான்
எங்களுக்குக் கடல் கேட்டது.
குழாயைத் திறந்து தரையைக் கழுவினோம்.
சால்மன் நிறம்தானே, முதலில் தெரியவில்லை.

மூடியை நான்தான் மாட்டினேன். பிறகு.

மருத்துவமனைக் கட்டிலுக்குப் படிவம் வந்தது.
'காரணம்' என்ற இடத்தில் ஏற்கெனவே அடித்திருந்தார்கள்:
கவனக்குறைவு.
இரண்டு முறை படித்தாள். மறுத்தால் சம்பளம் நிற்கும்.
இடக்கையால் போட்டாள்.

நேற்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
கையெழுத்து
பழையதோடு ஒத்துப்போகவில்லையாம்.