முப்பத்தெட்டாம் எண்

ஐந்நூற்று எண்பத்தொன்பது வெள்ளி.
விலைச்சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மறுபடி காலை நுழைத்தேன்.
மிட் வேலிக்கு இது நான்காவது வெள்ளிக்கிழமை;
வெள்ளியன்றுதான் எங்களுக்கு மதிய இடைவேளை நீளம்.

வெய் ஹோங் இப்போதெல்லாம் என் அளவைக் கேட்பதில்லை.
உள்ளறைக்குப் போகிறான், பெட்டியோடு வருகிறான்,
மெல்லிய தாளை விலக்குகிறான்.
கன்றுத்தோல். பழுத்த நாவல் நிறம்.
ஒன்றரை அங்குலக் குதிகால்.
உள்ளே ஒரு மெத்தை,
மிதித்தால் கொஞ்சம் யோசித்து
அப்புறம் மேலே வரும்.

கண்ணாடிவரை எட்டு எட்டு.
எட்டிலும் எனக்குக் கால் இருப்பதே ஞாபகமில்லை.
வலி இல்லாதபோது
நான் இவ்வளவு உயரமா?

திரும்பி வரும் எட்டில் கணக்கு வந்துவிட்டது:
வீட்டுத் தவணை,
தம்பி மகளுக்குப் பல் கம்பி,
போன மாத மின்கட்டணம்.
நாளைக்கு வருகிறேன் என்று மலாயில் சொன்னேன்.
நம்பியதுபோல் அவனும் மலாயில் தலையாட்டினான்.

என் வேலை நிற்பது.
ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில்
ஒருவர் சொன்னதை இன்னொரு மொழியில் சொல்லியபடி நிற்பது.
பசார் மாலாமில் முப்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கிய
கறுப்புச் சப்பாத்து
வலது குதிகாலைத் தினமும் கடிக்கும்,
வளர்த்த நாய்போல, அளவாக.

செவ்வாயன்று தவநேசன் வந்தார்.
சப்பாத்துத் திருட்டு.
பழையதை அடுக்கில் ஒழுங்காக வைத்துவிட்டு
புதியதோடு கடை வாசல்வரை நடந்திருக்கிறார்
என்கிறது காவல் அறிக்கை.
ஏன் எடுத்தாய், என்றார் மாஜிஸ்திரேட்.
ஏன் எடுத்தீங்க, என்றேன் நான்.

"எடுக்கணும்னு நெனைக்கலம்மா.
போட்டுப் பார்த்தேன். இதமா இருந்திச்சி.
கழட்ட மனசு வரல."

இதம்.
செலேசா என்றால் சோபா ஞாபகம் வரும்.
செடாப் என்றால் சோறு.
பதிவாளர் ஹஸ்லீனா தட்டச்சை நிறுத்தி நிமிர்ந்தாள்.
பத்தொன்பது வருடத்தில் ஒரு சொல்லுக்காக
அந்த அறையை நான் காக்க வைத்ததில்லை.
கடைசியில் செலேசா என்றே சொன்னேன்.
பதிவானது.
ஆயிரத்து இருநூறு வெள்ளி அபராதம்.
கூண்டைவிட்டு இறங்கும்போது பார்த்தேன்,
ஜப்பான் சிலிப்பர்,
ஒரு வாருக்குப் பதில் நைலான் கயிறு.

இந்த வெள்ளி வேலை முடிந்து போனேன்.
எட்டாவது எட்டில் திரும்பவில்லை,
கண்ணாடியைத் தாண்டி நேரே கல்லாவுக்கு.
அட்டையை நீட்டினேன். ஆறு தவணை.
பழையதைப் பெட்டியில் போடுங்கள்,
இதை நான் போட்டுக்கொண்டே போகிறேன்.
வெய் ஹோங் ஏதோ சொன்னான்,
காதில் விழவில்லை.

அப்துல்லா ஹுக்கும் நிலையத்துப் பாலம்
இவ்வளவு சின்னதா?
ரயிலில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

வங்சா மாஜூவில் இறங்கினால் மழை.
வடிகால் நிரம்பி
சாலையும் வாய்க்காலும் ஒரே நிறம்.
தூணைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று
நாவல் பழத்தைத் தாளில் பொதிந்து
பெட்டிக்குள் வைத்து
பெட்டியைப் பைக்குள் வைத்து
பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
பழையதை மாட்டினேன்.

படியிறங்கும்முன் கடித்தது, அதே இடத்தில்.
சீ, சும்மா இரு, என்றேன்.